இழுத்தாலும் போகாத எச்சரிக்கை

ஆம்பூர் ஷூ தொழிற்சாலைக்கு நான் எழுதிய செயலி, தோலில் குறை இருந்தால் எச்சரிக்கும். ஆண்ட்ராய்டு போன்களில் அந்த எச்சரிக்கை திரை முழுவதும் நிற்கும். மேலாளரின் ஐபோனில் மட்டும் அட்டைபோல எழும்பும். கீழே இழுத்தால் போய்விடும். அப்படி இழுத்துத் தள்ளிவிட்டு, குறையுள்ள தோலை வெட்டச் சொன்னார். பழி என்மேல் விழுந்தது.

"எனக்கு ஒண்ணுமே வரலியே. இன்னாம்மா படிச்ச நீ?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

நான் செயலியின் நிரலில் ஒரே ஒரு வரியை மாற்றினேன். ஐபோனிலும் முழுத்திரை, இழுத்தால் போகாது, 'படித்தேன்' என்று ஒரே பொத்தான்.

அடுத்த வாரம் ஷூ வாங்க வந்தவர்களுக்கு மேலாளர் தன் ஐபோனிலிருந்து செயலியைப் பெரிய திரையில் காட்டிக்கொண்டிருந்தார். புதுத் தோலுக்கான எச்சரிக்கை வந்து திரையை நிறைத்தது. இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"இன்னாம்மா, போவ மாட்டுது?"

"படிச்சா போய்டும் சார்."