ஜெர்மன் கார், கொரியா கேபிள்

எங்க காரப் பத்தி மாத்தளையில நக்கலடிக்காத ஆளே இல்ல. நான் பொறக்க முன்னாடியே ஜெர்மன்காரன் செஞ்ச குடும்பக் கார். ஊரே ஜப்பான் கார் ஓட்டுறப்போ எங்க அப்பா மட்டும், "ஜெர்மன் இரும்பு வேற மாதிரிடா"ன்னு பீத்திக்குவாரு.

கம்பஸ்ல மெக்கானிக்கல் முடிச்சிட்டு வேல தேடிக்கிட்டு இருந்தப்போ அந்தக் கார நோண்டுறதுதான் எனக்கு டியூட்டி. நோண்ட நோண்டத்தான் தெரிஞ்சுது, செம டிசைன். என்ஜின குறுக்கால வச்சு, முன் டயர இழுக்க விட்டிருக்கான். உள்ளுக்கு இடம் தாராளம், வெயிட்டும் கம்மி. நெட்ல தேடினா இன்னொரு கூத்து. இதே கார் இங்கிலாந்துல வேற பேர், பிரேசில்ல வேற பேர், கொரியாவுல பேரும் வேற மூஞ்சியும் வேற. உள்ள இருக்குற எலும்பு ஒன்னுதான்.

சும்மா நின்ன காருக்கு மவுசு வந்தது அக்காவாலதான். அவளுக்கு மலைக்கு அந்தப் பக்கம் பல்லேகமயில சயன்ஸ் டீச்சர் வேல கெடச்சுது, அடுத்த மாசம் போய்ச் சேரணும். கையில பால் குடிக்கிற புள்ள. பஸ்ல போனா ஸ்கூல் மணி அடிச்ச பிறகுதான் போய்ச் சேரலாம். அங்க புள்ளயோட தங்க இடமும் கெடைக்கல. "புள்ளயயும் விட மாட்டேன், வேலயயும் விட மாட்டேன்"னு ஒத்தக் கால்ல நின்னா. விடியவே கார்ல போய் அன்னைக்கே புள்ளக்கிட்ட திரும்பிட்டா ரெண்டும் நடக்கும்.

பாத்து அந்த வாரம்தான் கிளச் கேபிள் அந்துச்சு. கராஜ் பாஸ் வேற எதையோ வெட்டி ஒட்டித் தந்தாரு, ஓட்டிப் பாத்தா, போற வழியில ரத்தோட்டை ஏத்தத்துலயே அதுவும் அவுட். அப்பா உடனே ஜெர்மனியில இருக்குற சித்தப்பாவுக்கு போன் போட்டாரு. எங்க ஆக்களுக்கு வீட்டுல எது ஒடஞ்சாலும் வெளிநாட்டுல ஒரு சித்தப்பா இருப்பாருல்ல! அவரும் பழைய கார் ஒடைக்கிற யார்டுல தேடிப் புடிச்சு, லீவுக்கு வந்த குடும்பத்துக்கிட்ட சொக்லேட்டோட சேத்து அனுப்பிட்டாரு.

"பாரு, ஒரிஜினல்!" அப்பா கேபிளத் தூக்கிக் காட்டினாரு.

பொனட்டுக்குள்ள தலைய விட்டு மாட்டிப் பாத்தேன். எட்டவே இல்ல.

"ஒனக்கு மாட்டத் தெரியல. என்னத்தப் படிச்சியோ."

"நீங்க வந்து மாட்டுங்க பாப்பம்."

அக்கா புள்ளய இடுப்புல வச்சிக்கிட்டு எட்டிப் பாத்தா. "டேய் இஞ்சினியர், அந்த நாட்டுல ஸ்டியரிங் எந்தப் பக்கம்?"

அங்க டிரைவர் இடப்பக்கம், எங்க கார்ல வலப்பக்கம். கிளச் மிதிக்கிற இடமே மாறுது, கேபிள் எப்படி அளவு வரும்?

அப்பதான் மண்டையில பல்பு எரிஞ்சுது. டவுன்ல மிளகு யாவாரம் பண்ற முஸ்லிம் அண்ணன் ஒருத்தர், நானான்னுதான் கூப்பிடுவோம், அவரு கடைக்குப் பின்னால ஒரு கொரியா கார் செத்துக் கெடக்கு. ஏத்துமதிக்குன்னு வலப்பக்க ஸ்டியரிங் வச்சு செஞ்சது. ஓடினேன்.

"நானா, ஒங்க காரும் எங்க காரும் சொந்தக்காரங்க."

"போடா தம்பி. ஒங்க அப்பா கேட்டா மயங்கி விழுந்துருவாரு."

அக்கா கதைய சொன்னேன். மனுஷன் கார் கதவத் தொறந்து உள்ள இருந்த கோழிய வெரட்டினாரு.

"கழட்டிக்கோ. முட்டைய மட்டும் ஒடச்சிராத. கொரியாக்காரன் காப்பாத்தினான்னு ஒங்க அப்பாக்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லு."

கேபிள் கச்சிதமா உக்காந்துச்சு. அப்பா குனிஞ்சு பாத்துட்டு, "அதுவும் ஜெர்மன்காரன் போட்ட பிளான்தானே"ன்னு மொணகினாரு.

திங்கட்கெழம இருட்டோட அக்கா கெளம்பிட்டா. பின்னேரமானா அந்த ரோட்டுல காட்டு யான எறங்கும், நடுவுல போன் சிக்னலும் இல்ல. அழுதுக்கிட்டிருந்த பாப்பாவத் தூக்கிக்கிட்டு அப்பா கேட்டுக்கும் வாசலுக்கும் நடந்துக்கிட்டே இருந்தாரு.

வெயில் எறங்க முன்னாடி ஹோர்ன் சத்தம். என்ஜினக்கூட ஆஃப் பண்ணாம எறங்கி ஓடி வந்து புள்ளய வாங்கிக்கிட்டா.

"செகண்ட் கியர் அடம்புடிக்குதுடா. இப்பவே பாரு. நாளைக்கி ஒம்பதாம் வகுப்புக்கு எக்ஸ்பெரிமென்ட் காட்டுறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."