வேகாத துணி

அந்தத் துணி நெருப்பில் வேகாது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். நம்பியது பொய்யும் அல்ல. சாம்பல் கலந்த வெள்ளையில், கோணியைப் போல் தடித்து இருக்கும். அண்ணன் முதல் விடுமுறையில் சங்கரன்கோவிலுக்கு வந்தபோது தன் கப்பலிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. அம்மா அதை அடுப்படிப் பிடிதுணியாக வைத்துக்கொண்டாள். ஆடித்தபசுக்கு உறவினர் கூடும் நாளில் பெரிய சோற்றுப் பானையை அதனால் பிடித்துத்தான் இறக்குவாள். பக்கத்து வீட்டில் விசேஷம் என்றால் இரவல் கேட்டு வருவார்கள். "கப்பல் துணி பாத்துக்க, பத்திரமா கொண்டாந்து தரணும்" என்று சொல்லியே கொடுப்பாள். தினமும் காலையில் அடுப்பு மூட்டுமுன் கொல்லைச் சுவரில் அதை ஓங்கி அடித்து உதறுவாள். வெயிலில் வெள்ளைத் தூசி மினுங்கி இறங்கும். நான் பக்கத்தில் நின்று பல் துலக்குவேன்.

அண்ணன் வேலை பார்த்தது ஃபிரிகேட் வகைப் போர்க்கப்பல் ஒன்றின் கொதிகலன் அறையில். துப்பாக்கி சுடுவாயா என்று ஊரில் கேட்டால், "அண்ணாச்சி, மேல நிக்கவன் கைய ஆட்டுதான், கப்பல் எங்க தயவுலதான் ஓடுது" என்பான். நீராவிக் குழாய்களில் சூடு தங்குவதற்காக அந்தத் துணியின் இழையாலேயே தடித்த போர்வை சுற்றியிருக்கும். பெரிய பழுதுபார்ப்புக்காகக் கப்பல் துறையில் நிற்கும்போதெல்லாம் பழைய போர்வையைக் கையால் பிய்த்தெடுப்பது அவர்கள் வேலை. மூக்கின் மேல் ஒரு துண்டு, அவ்வளவுதான் காப்பு. வெளியே வந்ததும் மாவு மில்லில் இருந்து வருகிறாயா என்று ஒருவரையொருவர் கேலி செய்வார்களாம். அது என்ன தூசி என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களுக்குத் தெரியாதோ என்று பின்னாளில் பொறுமையாகப் படித்துப் பார்த்தேன். அதன் தீங்கு, அண்ணன் கப்பலேறும் முன்பே புத்தகங்களில் அச்சாகியிருந்தது.

கப்பலைப் பணியிலிருந்து விடுவித்த பிறகு அண்ணனும் ஓய்வு பெற்று வந்தான். சில வருடங்களில் படியேறினால் மூச்சு நின்று வந்தது. திருநெல்வேலி மருத்துவர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, பீடி உண்டா என்றார். இல்லை. பிறகு, என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். கேட்டுவிட்டு, ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலில் இறங்கியிருக்கிறது என்றார்.

வீடு வந்து சேர்ந்ததும் அண்ணன் செருப்பைக் கழற்றாமல் அடுப்படிக்குள் போனான். அம்மா ரசச் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அதக் கீழ வையி."

"ஏம்ல, பாம்பையா பிடிச்சிருக்கேன்?"

துணியை வாங்கி, மூன்று பிளாஸ்டிக் பைகளுக்குள் இறுக்கிக் கட்டினான். கொல்லையில் வந்து உட்கார்ந்து தங்கை என்னிடம் மட்டும் சொன்னான்: "நாந்தானட்டி இத வீட்டுக்குள்ள கொண்டாந்தேன்."

அவன் கேட்டது ஒன்றே. இந்த நோய் அந்தக் கப்பலில் வந்தது என்று கடற்படை அலுவலகம் ஒரு வரி எழுதித் தர வேண்டும். மனுக்களை நான் எழுதினேன். துணியைச் சோதித்துப் பாருங்கள் என்றும் எழுதினேன். பல மாதம் கழித்து வந்த பதிலின் முதல் பத்தி, அவன் பணியிடத்தில் அத்தகைய பொருள் இருந்ததற்கு ஆதாரமில்லை என்றது. இரண்டாம் பத்தி, அரசுக்குச் சொந்தமான அந்தப் பொருளை யார் அனுமதியுடன் வெளியே கொண்டுபோனீர் என்று விளக்கம் கேட்டது. நோய் என்றால் அந்தத் துணி கப்பலில் இல்லை. திருட்டு என்றால் இருந்தது. இரண்டுக்கும் கீழே ஒரே கையெழுத்து.

அந்த வாரமே, உடன் பணியாற்றிய ஒருவர் கப்பலின் பணி வரலாற்று மலரை அனுப்பியிருந்தார். வழுவழுப்பான தாள். தலைமை ஏற்றவர்களின் படங்கள், தொட்ட துறைமுகங்கள், புயலில் மீட்ட மக்கள், கடைசி மாலையில் இறங்கிய கொடி. பழுதுபார்ப்புக் காலத்துக்கு, கப்பலைப் பெண்ணாக்கி ஒரே வாக்கியம்: புதுப்பொலிவு பெற்றாள். கொதிகலன் அறையின் முகம் ஒன்றுகூட இல்லை. அண்ணன் கடைசிப் பக்கம்வரை புரட்டி, "நல்லா ஓடுன கப்பல்ட்டி" என்றான். அவனுக்குக் கோபம் வரவில்லை. அதையும் சேர்த்து நான் சுமக்கிறேன். இரண்டாவது மனுவுக்குப் பதில் வரும்போது அவன் இல்லை. பதிலில் ஒரு சொல்லும் மாறவில்லை.

துணி பரணில் கட்டியபடி இருக்கிறது. அம்மா பழைய துண்டால் பானையை இறக்கி விரலைச் சுட்டுக்கொள்கிறாள். கப்பல் துணியை எங்கே வைத்தாய் என்று இன்றும் கேட்கிறாள். அண்ணன் சொல்லாததை நானும் சொல்லவில்லை. சென்ற மழைக்குப் பிறகு அவளுக்கு வறட்டு இருமல். ஈரக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்கிறாள். கப்பலை உடைத்துப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள். வீட்டில் அம்மாவும் நானும் இருக்கிறோம்.