கிணற்று வெள்ளம்

“இதுக்குள்ள எத்தனை இருக்கும்?” என்று மாமனாரிடம் கேட்டேன். அவர் தேனீப் பெட்டியின் மூடியை அழுத்திவிட்டு, கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

“எண்ணிப் பாத்துக்கிடும் மாப்பிளே. உமக்கு அதுதானே வேலை.”

வேலை அதுதான். எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடித் துறைமுகத்தில் நான் டாலி கிளார்க். கப்பலில் ஏறும் உப்பு மூட்டையையும் இறங்கும் கோதுமை மூட்டையையும் கோடு போட்டு எண்ண வேண்டும். நாலு கோடு நின்றபடி, ஐந்தாவது குறுக்கே. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் போகாது. கோயிலில் பாட்டுப் பாடிக்கொண்டே ஜன்னல் கம்பிகளை எண்ணுவேன். இப்போது எண்ணுவதற்கு மாத்திரைகள் இருக்கின்றன. காலையில் மூன்று, இரவில் இரண்டு. அதிலும் ஒன்றை விழுங்கினேனா இல்லையா என்று சந்தேகம் வந்துவிடுகிறது.

எங்களுக்குத் திருமணமாகி அது முதல் கிறிஸ்துமஸ். பண்டிகைக்காக மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் இருந்த மாமனார் வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே எங்கு திரும்பினாலும் ஈரம். வாழை, பலா, ரப்பர், வீட்டுக்குப் பின்னால் பதினோரு தேனீப் பெட்டிகள். கிணற்றில் குனிந்து செம்பாலேயே மொண்டுவிடலாம் போல அவ்வளவு மேலே தண்ணீர். என் மனைவி அந்தத் தண்ணீரில் வளர்ந்தவள். தூத்துக்குடிக்கு வந்த முதல் வாரம் எங்கள் வாடகை வீட்டுக் கிணற்றில் இறைத்துத் தலைக்குக் குளித்தாள். முடி ஒட்டிக்கொண்டு சிக்குப் பிடித்துவிட்டது. சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை. எனக்கு அதுதான் பயம்.

பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவள் ஆசிரியப் பயிற்சி முடித்தவள். அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஜூனில் வந்து சேர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். ஈஸ்டருக்குள் பதில் சொல்ல வேண்டும். அவள் அங்கே போய்விட்டால், சனிக்கிழமை பஸ் ஏறி ஞாயிற்றுக்கிழமை திரும்புகிற புருஷனாக நான் ஆகிவிடுவேன். அவள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டால் போகிறேன் என்று சொல்லிவிடுவாளோ என்று நானும் கேட்கவில்லை.

ஊருக்குக் கிளம்புகிற அன்றுதான் மாமனார் ஒரு புதுக் கூட்டத்தைப் பிரித்து, அடை கட்டிய நாலு மரச் சட்டங்களோடு சிறிய பெட்டியில் வைத்துக் கட்டித் தந்தார். தூத்துக்குடியில் வைத்துக்கொள்ளக் காலியான பெரிய பெட்டி ஒன்றையும் தந்தார்.

“புது எடம்ணா ஈக்குச் சந்தேகம் வரும். முதல் ஒரு வாரம் சிரட்டையில சீனிவெள்ளம் கலக்கி வையும். சீனி பாதி, வெள்ளம் பாதி. கிணத்து வெள்ளம் கோரி எடுத்தாப் போதும். பைப்பு வெள்ளத்த விட்டிரப்பிடாது. அதுல மருந்து கலக்குவான்.”

அவர்கள் பக்கத்தில் தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பெயர். நான் திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்துக்காரன். எங்களுக்கு வெள்ளம் என்றால் ஆற்றங்கரை உடைவது. ஆனாலும் புரிந்துகொண்டேன். கிணறு சரி, பைப்பு கூடாது என்று மனதுக்குள் இரண்டு முறை சொல்லி வைத்துக்கொண்டேன்.

பிறகு நீளமாகக் கீறல் வெட்டிய ஒரு தகரத் துண்டை எடுத்துக் காட்டினார். “இதைப் பெட்டி வாசல்ல சொருகி வையும். வேலைக்கார ஈ இதுவழியா போகும், வரும். ராணிக்கு உடம்பு பெருசு, அதால நுழைய முடியாது. ராணி போகலேண்ணா கூட்டமும் போகாது. ஆனா ஒரு வாரத்துக்கு மேல வைக்கப்பிடாது. அடைச்சு வெச்சுக் குடும்பம் நடத்த முடியுமா, செல்லும்.”

வாசலில் நின்ற என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, “அந்த ஈ தூத்துக்குடியில நின்னா நானும் நிப்பேன்” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் அப்பா சிரித்தார், அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திருநெல்வேலியில் பஸ் மாறினோம். பெரிய பெட்டி கூரைமேல், சின்னப் பெட்டி என் மடியில். கண்டக்டர் டிக்கெட் கிழிக்க வந்தவர் குனிந்து காதைக் கொடுத்தார்.

“அண்ணாச்சி, பெட்டிக்குள்ள என்னது, முணுமுணுங்குது?”

“தேனீ.”

“உசுரோடயா?”

“உசுரோடதான்.”

“தலைக்கு ஒரு டிக்கெட் கிழிச்சா என் கட்டு பத்தாதே” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். பஸ் முழுவதற்கும் செய்தி போய்விட்டது. எங்களுக்கு முன்னால் இரண்டு வரிசை, பின்னால் இரண்டு வரிசை காலி. அவ்வளவு வசதியாக நான் அந்த வழியில் அதற்கு முன்னும் போனதில்லை, பின்னும் போனதில்லை. ஆனால் வல்லநாடு தாண்டியதும் வெயில் ஜன்னல் வழியாக மடியில் இறங்கியது. முணுமுணுப்பு கூடினால், வெந்து சாகிறதோ என்று பயம். குறைந்தால், செத்தே போய்விட்டதோ என்று பயம். துண்டை நனைத்து நனைத்துப் பெட்டிமேல் போட்டேன். கொண்டுபோன தண்ணீரெல்லாம் அதற்கே போய்விட்டது. என் மனைவி தொண்டை காய்ந்து போயும் ஒன்றும் சொல்லவில்லை. அதையும் நான் ஒரு கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

எங்கள் வீடு திரேஸ்புரம் போகிற வழியில். முன்பகுதியில் வீட்டுக்கார அக்கா இருந்தார். அவர் கணவர் கொச்சிக்கும் கொழும்புக்கும் போகிற தோணியில் வேலை பார்த்ததால் பெரும்பாலும் வீட்டில் அக்கா மட்டும்தான். பின்பகுதி எங்களுக்கு. கொல்லையில் ஒரு கிணறு, ஒரு தென்னை, பூத்து நின்ற இரண்டு முருங்கை. முருங்கை நிழலில் கல் நட்டு, அதன்மேல் பெரிய பெட்டியை வைத்தேன். வெயில் தாழட்டும் என்று காத்திருந்தோம். அக்கா தன் குசினி சன்னலை அடைத்துக்கொண்டு, கம்பிவலை வழியாகப் பார்த்தார்.

“தம்பி, அது குத்துமா?”

“குத்தும் அக்கா.”

“குத்துமின்னு தெரிஞ்சே எதுக்கு வளக்கிய?”

நான் தேங்காய் நார் எடுக்கப் போனேன்.

தேங்காய் நாரைப் பற்றவைத்து ஊதி, புகையைக் காட்டிவிட்டுச் சின்னப் பெட்டியைத் திறந்தேன். முதல் சட்டத்தை இரு ஓரத்திலும் பிடித்துத் தூக்கியபோது, அடையின் இரு பக்கமும் ஈக்கள் தோரணம் போல ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தொங்கின. “திருப்பாதீங்க, வந்த வரிசையிலேயே வைக்கணும்” என்றாள் மனைவி. அவள் அப்பா பெட்டி திறக்கும்போதெல்லாம் வீட்டுக்குள் ஓடிப்போகிறவள்தான். அன்று சேலைத் தலைப்பால் முகத்தைச் சுற்றிக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். மூன்றாவது சட்டத்தில் ராணியைக் கண்டுபிடித்ததும் அவள்தான். கறுத்து, நீண்டு, அவசரமில்லாமல் நடந்தது. நாலாவது சட்டத்தையும் வைத்து மூடி, வாசலில் தகரத்தைச் சொருகினேன். எனக்குக் காதில் ஒரு கொட்டு, அவளுக்குப் புறங்கையில் ஒன்று. மொத்தம் இரண்டு. பிறகு கிணற்றில் ஒரு வாளி இறைத்து, சீனியைக் கரைத்து, சிரட்டையில் ஊற்றி, ஈ மூழ்கிவிடாமல் ஈர்க்குகளை மிதக்கவிட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மறுநாளிலிருந்து வேலைக்குப் போகுமுன் ஒரு டம்ளர் காப்பி குடிக்கிற நேரம் பெட்டி முன்னால் நிற்பேன். உள்ளே திரும்பி வருகிற ஈக்களை எண்ணி, கொல்லைச் சுவரில் கரியால் கோடு போடுவேன். முதல் நாள் ஐந்தைந்து கோடாக எட்டுக் கட்டு. பிறகு ஆறு. பிறகு நாலு. சிரட்டையில் ஊற்றியது ஊற்றியபடி இருந்தது. ஒருவேளை பழையதாகிவிட்டதோ என்று தினமும் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கினேன். எங்கள் ரேஷன் சீனி தீர்ந்து, காப்பிக்குக் கருப்பட்டி என்று ஆகிவிட்டது. துறைமுகத்தில் ஒரு வரிசை மூட்டையை இரண்டு முறை எண்ணிவிட்டு, மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை தகரத்தை எடுத்தாக வேண்டும். எடுத்தால் ராணி கிளம்பும், கூட்டம் பின்னால் போகும். அதற்குப் பிறகு ஜூனில் யார் போவார்கள் என்று எனக்குக் கணக்கு போடத் தெரியாதா.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கார அக்கா கொல்லைக்கு வந்தார். முகம் சரியில்லை. என் மனைவியிடம்தான் ஆரம்பித்தார்.

“ஏளா, ஒங்க ஈயெல்லாம் எங் குசினியிலதான் குடியிருக்கு. நல்ல தண்ணிப் பானை விளிம்புல வரிசையா உக்காந்து குடிக்குது. நான் தண்ணி மோக்கப் போனா என்னையே மொறைக்குது.”

“அதுக்குத்தான் இங்கன சீனித்தண்ணி வச்சிருக்கே அக்கா” என்று நான் சிரட்டையைக் காட்டினேன்.

அவர் குனிந்து, ஒரு விரலை முக்கி நாக்கில் வைத்தார். உடனே திரும்பித் துப்பினார்.

“தம்பி, இதென்ன, கருவாடு அலசுன தண்ணியில சீனியப் போட்டு வச்சிருக்கிய?”

“கிணத்துத் தண்ணி அக்கா.”

“எந்தக் கிணறு?”

நான் கிணற்றைக் காட்டினேன். அவர் கிணற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இந்தத் தண்ணியில பருப்பு வேகுமா? பாத்திரம் கழுவுனா பாத்திரம் வெளுத்துப் போவுது. இதையா வாயில்லா சீவனுக்குக் குடுத்திய?”

“மாமனார் கிணத்துத் தண்ணிதான் ஊத்தணும்னாரு.”

“அவரு எங்கன இருந்து சொன்னாரு?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சொல்வதற்குள் என் மனைவி கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். தூத்துக்குடி வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

“அப்பாக்குக் கிணறுண்ணா எல்லாக் கிணறும் நம்ம வீட்டுக் கிணறுதான்” என்றாள். “எனக்கும் தோணல்ல பாருங்க. ஏழெட்டு மாசமா இந்தக் கிணத்தைத் திட்டிட்டுத்தான் இருக்கேன். ஈக்கு இதையே கலக்கிக் குடுக்கிறத பாத்துட்டும் நின்னிருக்கேன்.”

“பைப்புத் தண்ணியில மருந்து போடுவாங்கன்னு மாமா சொன்னாரே” என்று நான் விடாமல் கேட்டேன்.

“மருந்து போட்டா என்ன தம்பி. பானையில ஊத்தி ஒரு ராத்திரி வச்சா வாடை போயிரும். அதைக் குடிச்சு நாங்க என்ன செத்தா போயிட்டோம்?”

எங்கள் தெருக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் நல்ல தண்ணீர் வரும். எங்கள் வீட்டுக்கு நாலு குடம் பிடிப்பேன். மூன்று சமையலுக்கும் குடிக்கவும். நாலாவது குடம் அவள் தலைக்கு. கிணற்றுத் தண்ணீரில் குளித்துவிட்டு, கடைசியில் நல்ல தண்ணீரில் முடியை அலசிக்கொள்வாள். அந்த முதல் வாரத்துக்குப் பிறகு நான் செய்த ஏற்பாடு அது. முந்தின நாள் பிடித்து வைத்த அந்த நாலாவது குடத்தில்தான் அவள் ஒரு செம்பு மொண்டாள். அக்கா தன் வீட்டிலிருந்து ஒரு கை சீனி கொடுத்தார். அவளே கரைத்தாள், அவளே சிரட்டையில் ஊற்றினாள். இருட்டுமுன் ஓர் ஈ வந்து ஈர்க்கில் உட்கார்ந்தது. அடுத்து இரண்டு. பிறகு என்னால் எண்ண முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் தகரத்தை உருவினேன். அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. உச்சி வெயிலில், நான் சோற்றில் கை வைக்கிற நேரம், கொல்லையில் ஓர் இரைச்சல். ஓடிப்போய்ப் பார்த்தால், பெட்டி வாசலிலிருந்து ஈக்கள் பொங்கி வருகின்றன. முருங்கைக்கும் பெட்டிக்கும் நடுவே காற்றே பழுப்பாகிவிட்டது.

“போச்சு” என்றேன்.

அக்கா சன்னலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். “மாதாவே, போவுதா வருதா அது?”

என் மனைவி சோற்றுக் கையோடு வந்து நின்று பார்த்தாள். “போகல்ல” என்றாள். “நல்லாப் பாருங்க. எல்லாம் பெட்டியைப் பாத்துல்லா பறக்குது. எங்க வீட்டிலயும் உச்சைக்கு இப்பிடித்தான் வரும். சின்ன ஈ வெளிய வந்து, வீடு எதுண்ணு பாத்துப் படிக்குது.”

உண்மைதான். ஒன்றுகூட வெளியே பார்த்துப் பறக்கவில்லை. அத்தனையும் முகத்தைப் பெட்டிப் பக்கம் வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் ஊஞ்சல் ஆடுவது போல ஆடின. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக உள்ளே போய்விட்டன. நான் ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டேன். அவளும் அதைத்தான் சாப்பிட்டாள். அன்று சாயங்காலம் வரை அவள் கொல்லைப் பக்கமே இருந்தாள்.

அந்தக் கூட்டம் எங்களோடு பல வருஷம் இருந்தது. முருங்கைப் பூத் தேன், கொஞ்சம் கசப்பு கலந்தது. இப்போது கடையில் வாங்குகிற தேனில் எந்தப் பூவும் இல்லை. பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது. சர்க்கரை வியாதிக்காரனுக்கு எந்தத் தேனாக இருந்தால் என்ன என்கிறாள் இவள்.

அந்த ஞாயிறு கழிந்து செவ்வாய்க்கிழமை தண்ணீர் வருகிற முறை. விடிந்ததும் அவள் குடங்களைக் கழுவி வாசலில் வரிசையாக வைத்தாள். நான் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்.

“அஞ்சு இருக்கு.”

“அஞ்சுதான்.”

“நாலுதானே பிடிப்போம்?”

“ஈக்கு ஒண்ணு வேண்டாமா? தினம் என் தலைக்கு உள்ளதுல பங்கு குடுக்க என்னால முடியாது.” பிறகு, குடத்தின் வாயைத் துடைத்துக்கொண்டே, “அப்பாக்கு ஒரு கார்டு போடணும். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வேற ஆளைப் பாக்கச் செல்லணும். நீங்களே எழுதுங்க, உங்க கையெழுத்துதான் தெளிவா இருக்கும்” என்றாள்.

நான் சரி என்றேன்.

குழாயடியில் அக்கா எங்கள் குடங்களை விரல்விட்டு எண்ணினார். “ஏளா, ஈக்கும் ரேஷன் கார்டு எடுத்தாச்சா?” வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள்.

கைக்கு ஒன்றாக நாலு குடத்துக்கு இரண்டு நடை போதும். ஐந்து என்றால் மூன்று நடை. மூன்றாவது நடையில் ஒரு கை சும்மா வருகிறதே என்று அவள் இரண்டு வாரம் பார்த்தாள். பிறகு ஆறாக்கிவிட்டாள்.