இடுப்பு வலி என்று எழுதிக் கொடுத்தேன்

முதல் முறை அது வந்தது கம்பெனி பஸ்ஸில், துடியலூர் சிக்னலில். வண்டி நின்றிருந்தது. முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி. விரல் நுனிகள் மரத்துப்போயின, பிறகு உதடு. நெஞ்சுக்குள் யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோல இருந்தது. செத்துவிடப் போகிறேன் என்று நினைத்தேன். பக்கத்து இருக்கைப் பெண் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்ப எனக்கு வெட்கமாக இருந்தது. சாகப்போகிறவளுக்கு என்ன வெட்கம் என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

நான் பார்ப்பது மெடிக்கல் கோடிங் வேலை (வெளிநாட்டு நோயாளிகளின் குறிப்புகளைப் படித்து, எந்த நோய்க்கு எந்தக் குறியீட்டு எண் என்று பதிவது). கொரோனாக் காலத்தில் எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டுப் படுக்கையறை ஜன்னலோரம் பல வருடம் உட்கார்ந்து வேலை செய்தேன். பிறகு ஒருநாள் மின்னஞ்சல் வந்தது. இனி வாரத்தில் ஐந்து நாளும் எல்லோரும் அவிநாசி ரோட்டு அலுவலகத்துக்கு வர வேண்டும், விதிவிலக்கு வேண்டுவோர் மருத்துவச் சான்றுடன் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. அலுவலகம் போகத் தொடங்கிய மூன்றாவது வாரம்தான் துடியலூர் சிக்னல்.

அன்று பாதி வழியில் இறங்கி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஈ.சி.ஜி. (இதயத்தின் மின்துடிப்பைத் தாளில் பதியும் சோதனை) எடுத்தார்கள். "ஹார்ட் நல்லா இருக்குதுங்க, வயித்துல கேஸா இருக்கும்" என்றார் டாக்டர். அடுத்த இரண்டு மாதத்தில் இன்னும் இரண்டு முறை அதே ஆஸ்பத்திரி, அதே சோதனை, அதே பதில். மூன்றாம் முறை அவரே கொஞ்சம் தயங்கிவிட்டு, ஒரு மனநல மருத்துவரின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். எனக்குக் கோபம் வந்தது. உயிர் போகிறது என்று வந்தவளைப் பார்த்து இதையா எழுதுவது என்று சீட்டைக் கைப்பையின் அடியில் திணித்தேன். பத்து நாள் கழித்து நானே தேடி எடுத்தேன்.

அந்த டாக்டரம்மா முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "இதுக்குப் பேரு பேனிக் டிஸ்ஆர்டருங்க" என்றார் (காரணமில்லாமல் திடீரென்று மூண்டு, சில நிமிடங்களில் உச்சிக்குப் போகும் பீதி நோய்). "உசுருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா பஸ்ஸு, லிஃப்ட்டு, நெனச்ச நேரம் எறங்க முடியாத எடமெல்லாம் இனிப் பயமாத்தான் இருக்கும். பாத்துத்தான் சரி பண்ணோணும்."

அந்த நோயின் எண் எனக்கு மனப்பாடம். எங்கள் புத்தகத்தில் மனநோய்களுக்கெல்லாம் 'எஃப்' என்ற ஆங்கில எழுத்து வரிசை. முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு அதை நான் போட்டிருக்கிறேன். அவர்களில் ஒருவருக்காவது அது வலித்திருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும் என்றார். கூடவே பயப்படுகிற இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ப் பழக வேண்டும். அதற்கேற்றபடி கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். முதலில் வாரம் இரண்டு நாள் அலுவலகம், கூட்டமில்லாத நேரத்தில், நினைத்தால் இறங்கக்கூடிய டவுன் பஸ்ஸில். கதவுக்குப் பக்கத்தில் இருக்கை. பிறகு மாதாமாதம் ஒருநாள் கூட்டலாம்.

"முழுசா ஊட்டுல இருந்தே வேலை பாக்கோணும்னு எழுதிக் குடுத்திருங்களேன் டாக்டர்."

"அது மட்டும் எழுத மாட்டனுங்க. ஊட்டுக்குள்ளயே உக்காந்திருந்தீங்கன்னா இந்த நோய் சௌகரியமா வளரும்."

வெளியே வந்து கடிதத்தைப் பிரித்தேன். தலைப்பில் கொட்டை எழுத்தில் மனநல மருத்துவர் என்று இருந்தது. எங்கள் மனிதவளப் பிரிவில் இந்த விண்ணப்பங்களைப் பார்ப்பவள் ரேவதி. காங்கேயத்துப் பெண், என் மாமியாருக்குத் தூரத்துச் சொந்தம். இந்தத் தாள் அவள் மேசைக்குப் போனால் அந்த வாரமே காங்கேயம் போய்விடும், அடுத்த முகூர்த்தத்தில் கல்யாண மண்டபத்துப் பந்தியில் என்னைப் பரிமாறிவிடுவார்கள் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. கடிதத்தை மடித்து, பட்டுப்புடவை அடுக்கின் அடியில் வைத்தேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

முன்பொரு முறை இடுப்பு வலிக்காக எடுத்த பழைய ஸ்கேன் ஒன்று பீரோவில் இருந்தது. தண்டுவட எலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டு லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று அதில் உண்டு. வலி போய் ஏழு வருடம் ஆகிறது. அதை எடுத்துக்கொண்டு ஒரு எலும்பு டாக்டரிடம் போய், உட்காரும்போது ஒருமுறை, எழும்போது ஒருமுறை முனகினேன். நீண்ட பயணம் கூடாது, மூன்று மாதம் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று எழுதிக் கொடுத்தார். எங்கள் புத்தகத்தில் எலும்புக்கும் மூட்டுக்கும் 'எம்' என்ற எழுத்து வரிசை. பத்து வருடமாக அடுத்தவர் நோயைச் சரியான வரிசையில் போட்டுச் சம்பளம் வாங்குகிறவள், என் நோயைத் தூக்கி வேறு வரிசையில் போட்டேன். கம்பெனி இரண்டே நாளில் ஒப்புக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் எனக்குத் தனிமை என்றால் என்னவென்று தெரிந்தது.

என்னை யாரும் கைவிடவில்லை. சொந்தமெல்லாம் வந்து விழுந்து விழுந்து கவனித்தது. மாமியார் காலையும் மாலையும் வெந்நீர்ப் பை கொண்டுவந்து வைத்தார். "குனியாத கண்ணு, நான் கூட்டிக்கறேன்" என்று விளக்குமாற்றைப் பிடுங்கிக்கொண்டார். பல்லடத்திலிருந்து ஒரு சித்தி இடுப்பு பெல்ட் வாங்கி வந்தார். என் கணவர் சரவணன் வீட்டுக்கு அருகிலேயே இரும்பு கடையும் லேத் பட்டறை வைத்திருக்கிறார். சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தைலத்தைச் சூடாக்கி என் இடுப்பில் தேய்த்துவிடுவார். நான் குப்புறப் படுத்து, அவர் அழுத்துகிற இடத்தில் வலிப்பதுபோல மூச்சை இழுப்பேன். வலிக்காத இடத்தில் அத்தனை அன்பு வந்து விழுந்தது. வலித்த இடம் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் நான் யாருக்கும் காட்டவில்லை.

உண்மையான நோய்க்கான மாத்திரையைக் கால்சியம் டப்பாவில் போட்டுவைத்துத் தின்றேன். பீதி வரும்போது குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்துகொள்வேன். டாக்டரம்மா சொன்னதுதான் நடந்தது. முதல் மாதம் பஸ் மட்டும் பயமாக இருந்தது. இரண்டாம் மாதம் மளிகைக் கடை. மூன்றாம் மாதம் வாசல் கேட்டைத் திறக்கவே யோசனை. கேட்டவர்களிடமெல்லாம் இடுப்பு என்றேன். அந்தப் பொய் எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

மூன்றாம் மாத முடிவில் ரேவதியிடமிருந்து மின்னஞ்சல். என் உடல்நலத்தை அக்கறையுடன் பரிசீலித்து, இடுப்புக்கு ஆதரவு தரும் சிறப்பு நாற்காலி ஒன்றை வரவழைத்திருக்கிறார்கள். கம்பெனி பஸ்ஸில் குலுங்காத முன் இருக்கை எனக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே திங்கட்கிழமை முதல் ஐந்து நாளும் வரவும்.

படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு அழுதேன். கம்பெனி மீது ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் சொன்ன நோய்க்கு அவர்கள் செய்ய வேண்டியதைச் செய்திருந்தார்கள்.

போனேன். நீல நிற நாற்காலி, முதுகில் என் பெயர் ஒட்டியிருந்தது. கதவிலிருந்து மிகத் தொலைவில், ஏ.சி.க்குக் கீழே போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்து இரண்டே வாரத்தில் ஆறு முறை செத்துப் பிழைத்தேன். என் வேலையில் தவறுகள் கூடின. மதிப்பெண் இறங்கியது. இப்படியே போனால் வேலை போய்விடும் என்று குழுத்தலைவர் நாசூக்காகச் சொன்னார்.

டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் திட்டவில்லை. "அவங்க உங்க இடுப்புக்கு நாயமாத்தானுங்க நடந்திருக்காங்க. உங்களுக்கு நாயம் கேக்கோணும்னா மொதல்ல நீங்க யாருன்னு சொல்லோணுமில்லீங்க" என்றார். புதிதாகக் கடிதம் எழுதித் தந்தார்.

அன்று சாயங்காலம் தைலத்தோடு வந்த கணவரிடம் சொல்லிவிட்டேன். குப்புறப் படுத்தபடியே சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அப்ப இத்தன மாசமா நான் தேச்சுவுட்டது எதுக்கு?"

அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு பல வாரம் சாப்பாடு, பால், மோட்டார் போடுவது என்று தேவைக்கு மட்டும் பேசினார்.

ரேவதியின் அறையில் என் கோப்பு திறந்திருந்தது. எலும்பு டாக்டரின் சான்று ஒரு பக்கம், நான் கொடுத்த புது மனநலக் கடிதம் மறுபக்கம்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. மொதல்ல குடுத்தது பொய் சர்டிபிகேட்டுங்களா?"

ஆமாம் என்றால் பொய்யான ஆவணம் கொடுத்த குற்றம். வேலையை விட்டே அனுப்பலாம். இல்லை என்றால் நாற்காலிதான் தந்தாயிற்றே, அப்புறம் என்ன என்பார்கள். வருகிற வழியெல்லாம் சாமர்த்தியமான பதில் ஒன்றைத் தயார் செய்திருந்தேன். அந்த நேரம் பார்த்து அது அலுத்துப்போனது.

"ஸ்கேன் பொய்யில்லைங்க. அதுக்காகத்தான் ஊட்டுல இருக்கறேன்னு சொன்னது பொய்."

"இதச் சொல்லீட்டீங்கன்னா நான் எழுதித்தானுங்க்கா ஆகோணும்."

"எழுதும்மா. இந்த நோய் இருக்குதுன்னும் சேத்து எழுது. அப்புறம், இந்தக் கடிதத்த யார் யார் பாப்பாங்கன்னு எனக்கு எழுத்துல குடுக்கோணும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நம்மூருக்குப் போயிருமோன்னு கேக்கறீங்களா?"

"ஆமா."

என் எதிரிலேயே எனக்கு மின்னஞ்சல் ஒன்றைத் தட்டி அனுப்பினாள். பார்ப்பவர்கள் மூன்று பேர் என்று பெயரோடு இருந்தது. இன்றுவரை அவளிடமிருந்து காங்கேயத்துக்கு ஒரு வார்த்தை போகவில்லை. இவளுக்குப் பயந்துதான் நான் அத்தனை மாதத்தைப் பாழாக்கினேன்.

இதே இடத்தில் நிற்கிற உங்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்வது உன் உரிமை என்று நம் சட்டத்தில் எங்கும் நேராக எழுதியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் மனநோயும் உண்டு. தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். என் நோய் அதன் வரையறைக்குள் வருமா என்று டாக்டரம்மாவாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் அந்தக் கொள்கையின் பிரதியைக் கேட்டு வாங்கினேன். அதில் மனநலம் என்ற சொல் இருந்தது. அந்த வரியைக் காட்டித்தான் என் கோரிக்கையை எழுதினேன். வாயால் பேசியதற்கு மதிப்பில்லை, எழுத்தில் கேளுங்கள். நோயின் பெயரை முதல் தடவையே சரியாகச் சொல்லுங்கள். தவறான பெயருக்குக் கிடைக்கும் சலுகை தவறான இடத்தில்தான் வந்து சேரும்.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. உண்மையை மறைத்ததற்கு எழுத்துப்பூர்வ எச்சரிக்கை, இந்த வருடம் பதவி உயர்வு இல்லை. கூடவே, செவ்வாயும் வியாழனும் மட்டும் அலுவலகம், பதினொரு மணிக்கு வந்தால் போதும், கதவோர இருக்கை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை. வேலை போகவில்லை. தண்டனையை நியாயமென்றே எடுத்துக்கொண்டேன், மனதார என்று சொல்ல மாட்டேன்.

மாமியாரிடமும் நானே சொன்னேன். "அதெல்லாம் ஒண்ணுமிருக்காது கண்ணு. மனசத் தளர உடாத" என்றார். அன்றோடு வெந்நீர்ப் பை நின்றது. சித்தி வந்தபோதும் எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. யாருக்கும் என் மேல் வெறுப்பில்லை. இடுப்பென்றால் ஒத்தடம் கொடுக்கலாம், இதற்கு எங்கே கொடுப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பொய் சொன்னபோது வீடு நிறைய ஆள் இருந்தார்கள்.

முன்பெல்லாம் உடம்பு இருப்பதே எனக்குத் தெரியாது. இப்போது இதயம் ஒரு துடிப்பு முந்தினாலும் காதில் விழுகிறது. அதோடு சண்டை போடுவதை விட்டுவிட்டேன். பீதி ஏறும், நிற்கும், தானே இறங்கும். பத்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று இந்த ஊரில் என்னைப்போல் அறிந்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். பஸ்ஸில் நான் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கலாம் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். அந்த நிறுத்தம் வந்ததும் அதற்கடுத்ததில் என்பேன். சில நாள் இறங்கியும் விடுவேன். இறங்கி நின்று மூச்சு விட்டுவிட்டு அடுத்த பஸ் ஏறுவேன்.

போன செவ்வாய்க்கிழமை கவுண்டம்பாளையம் தாண்டியதும் வந்தது. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அப்போது போன் அடித்தது. கணவர். பட்டறை நேரத்தில் அவர் யாரையும் கூப்பிட மாட்டார்.

"எங்க வந்திருக்கற?"

"கவுண்டம்பாளையம் தாண்டியாச்சுங்க."

என் குரலில் என்ன கேட்டதோ, பின்னால் ஓடிக்கொண்டிருந்த லேத் நின்றது.

"இப்ப வந்திருக்குதா?"

அதற்கு ஒரு பெயர் சொல்ல அவருக்கு இன்னும் வாய் வரவில்லை. "ஆமாங்க" என்றேன்.

"நான் என்ன பண்ணோணும்?"

இத்தனை மாதத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. "ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க. போன வெச்சறாதீங்க" என்றேன்.

அவர் வைக்கவில்லை. போனைப் பக்கத்தில் எங்கோ வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார் போலிருக்கிறது, லேத் ஓடும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் இறங்க வேண்டிய காந்திபுரம் வரை அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுவில் இறங்கவில்லை.