வண்டி வந்துவிட்டதா?

பிரிக்பீல்ட்ஸ் ரயில் கொட்டகையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த எனக்கு சிக்னல் வேலைமேல் ஆசை வந்ததற்கு ஒரே காரணம் வீடு. அந்த வேலைக்குத்தான் அறையும் அடுப்படியும் தனியாகக் கொடுத்தார்கள். மனைவியோ கைக்குழந்தையோடு கிள்ளானில் தன் அண்ணன் வீட்டில் இருந்தாள். அவள் அண்ணி முகம் சுளிக்க ஆரம்பித்துவிட்டாள். ஆனால் வெள்ளைக்கார அதிகாரியிடம் இங்கிலீஷில் பேசித் தேற வேண்டுமே!

ஸ்டேஷன் குமாஸ்தா ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், என் வயதுதான். சாப்பாட்டு வேளையில் அவரைப் பிடித்துக்கொண்டேன். நிகழ்காலமும் எதிர்காலமும் எப்படியோ தலையில் ஏறின. இறந்தகாலத்தில் மாட்டிக்கொண்டேன். 'கேம்' என்றாலும் வந்தது, 'ஹேஸ் கம்' என்றாலும் வந்தது.

"வந்தது வந்ததுதானேங்க! அதுக்கு எதுக்கு ரெண்டு?"

"எப்ப வந்ததெண்டு சொன்னா 'கேம்'. வந்து முடிஞ்சுது, இப்ப நிக்குது எண்டா 'ஹேஸ் கம்'. இனி என்னைச் சாப்பிட விடும்!" என்றார் அவர்.

அவரை விட்டேன், அது என்னை விடவில்லை. குழாயடியிலும் தண்டவாளத்து ஓரத்திலும் எதைப் பார்த்தாலும், இது முடிந்ததா, இல்லையா என்று கேட்டுக்கொண்டே திரிந்தேன். மழை வந்தது, மழை வந்திருக்கிறது. அட, நம் தமிழிலும் இரண்டு இருக்கிறதே! இத்தனை வருஷம் கவனிக்காமலே பேசியிருக்கிறேன்.

பரீட்சை அன்று அதிகாரி ஜன்னலைக் காட்டினார். கிள்ளான் வண்டியின் எஞ்சின் பிளாட்பாரத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. வண்டி வந்துவிட்டதா என்று இங்கிலீஷில் கேட்டார்.

"நோ, சார்."

அவர் முகம் சிவந்தது. கண்ணெதிரே பெட்டி பெட்டியாகப் போகிறது, இல்லை என்கிறானே! ஆனால் கடைசிப் பெட்டியில் தொங்கும் சிவப்பு விளக்கைக் கண்ணால் பார்க்காமல், வண்டி வந்ததென்று ரயிலில் வேலை செய்கிற எவனும் சொல்லமாட்டான். வழியில் ஒரு பெட்டி கழன்று நின்றிருந்தால் யார் பதில் சொல்வது? விளக்கு ஜன்னலைக் கடந்தது.

"நவ் ஹேஸ் கம், சார்."

அவர் ஒரு காகிதத்தில் ஏதோ எழுதினார். அந்தக் காகிதத்தைக் குமாஸ்தா பிறகு எனக்கு வாசித்துக் காட்டினார்: 'இங்கிலீஷ் மோசம். ஆளை சிக்னலில் போடலாம்.'

தலைகால் புரியவில்லை எனக்கு. அன்று மாலையே மனைவிக்குக் கடிதம் எழுதினேன். வீடு கிடைத்துவிட்டது, புறப்பட்டு வா என்றேன். சாவி கைக்கு வர இன்னும் ஒரு மாதம் இருந்தது.

நான்காம் நாள் காலை வண்டியில், இடுப்பில் குழந்தையும் கையில் தகரப்பெட்டியுமாக அவள் வந்து இறங்கினாள். அண்ணியிடம் சொல்லிக்கொள்ளாமல்கூடக் கிளம்பிவிட்டாளாம். முகமெல்லாம் சிரிப்பு.

"வீடு எந்தப் பக்கங்க?" என்றாள்.