தாய்மாமன் சீரும் ரிப்பிள் டூலும்

1. நான்கு கட்டங்கள்

கணினித் திரையில் நான்கு கட்டங்கள் திறந்தன. ஒன்றிலேனும் தமிழ் இல்லை. கல்லூரியில் தமிழ்த்துறைப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நான், திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு நிழற்பட நிலையத்தின் உள்ளறையில், சுட்டியைப் பற்றிய கையை அசைக்கத் துணிவின்றி அமர்ந்திருந்தேன்.

நிலையத்தின் உரிமையாளர் நூர்ஜகான் நாற்பது வயதுப் பெண்மணி. தந்தையார் நடத்திய நிழற்படக் கடையைத் திருமணக் காணொளி எடுக்கும் நிலையமாக வளர்த்தவர். அழைப்பிதழ்க் காணொளிகளுக்குப் பிழையற்ற தமிழில் வாசகம் எழுதித் தருவதற்காகவே என்னை அழைத்திருந்தார். முகூர்த்தங்கள் நெருங்கிய பருவத்தில் அவரிடம் இருந்த படத்தொகுப்பாளர் கோயம்புத்தூரில் வேறு வேலை கிடைத்துச் சென்றுவிட்டார். எடுத்த திருமணங்கள் தொகுக்கப்படாமல் வன்தட்டில் குவிந்து கிடந்தன.

"நான் கற்றுக்கொள்ளட்டுமா?" என்று கேட்டேன்.

"நெசமாத்தேன் சொல்றீங்களா டீச்சர்? முதுகு ஒடிஞ்சு போகும்."

"தேர்வுத்தாள் திருத்தி ஒடியாத முதுகா?"

அவர் சிரித்தார். நாற்காலியின் உயரத்தைக் குறைத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார். படத்தொகுப்புத் தொழிலில் என் சேர்க்கை அவ்வளவில் முடிந்தது.

2. கற்றவை

இத்தொழிலுக்குப் புதிதாக வருவோர்க்கு ஒன்று சொல்வேன். மென்பொருளைக் கண்டு அஞ்ச வேண்டா. திரையில் எத்தனை பொத்தான்கள் இருந்தாலும் தொடக்கத்தில் தேவைப்படுவன சிலவே. ஒரு கட்டத்தில் நாம் கொண்டுவந்த படத்துண்டுகள் இருக்கும். ஒன்றில் அத்துண்டைத் தனியே ஓட்டிப் பார்க்கலாம். கீழே நீளமாகக் கிடப்பது டைம்லைன். துண்டுகளை அதில்தான் வரிசையாக அடுக்குகிறோம். அடுக்கியது எப்படி ஓடுகிறது என்பதை நான்காவது கட்டம் காட்டும்.

டைம்லைனைக் காலக்கோடு என்றும், கிளிப்பைத் துணுக்கு என்றும் நான் பெயரிட்டு அழைத்தேன். நூர்ஜகான் கையெடுத்துக் கும்பிட்டார்.

"காலக்கோடுன்னா ஏதோ ஜாதகம் பாக்குற மாதிரி இருக்கு டீச்சர். போன்ல நான் ஒண்ணு சொல்ல, நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கிட்டா கல்யாணமே காணாமப் போயிரும். டைம்லைன்னே சொல்லுங்க."

தொழிலின் சொற்களைத் தொழில் செய்வோர் வழங்குமாறே வழங்குவது என்று அன்று முடிவு செய்தேன். இக்குறிப்பிலும் அவ்வாறே எழுதுகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது பிளேடு டூல். கிளிப்பின் மேல் வைத்து ஒரு முறை அழுத்தினால் அவ்விடத்தில் இரண்டாகும். வேண்டாத பாதியை நீக்கிவிடலாம். ஆய்வேடுகளில் சொன்னதையே திரும்பச் சொல்லும் பத்திகளைச் சிவப்பு மையால் அடித்து அடித்துப் பழகிய கைக்கு இது எவ்வளவு இன்பம் தந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஆளை மூன்று முறை காட்டினால் இரண்டை வெட்டினேன். ஒரே செயல் மீண்டும் மீண்டும் வந்தால் முதலும் முடிவும் நிறுத்தி நடுவை நீக்கினேன்.

"கை நல்லா ஓடுது டீச்சர்," என்று நூர்ஜகான் பாராட்டினார். "ஆனா செத்த பாத்து வெட்டுங்க. எல்லாரும் காசு குடுத்து நம்மள வெட்டச் சொல்றதில்ல, வைக்கச் சொல்றாங்க."

அதன் பொருளை அப்போது நான் ஆழ்ந்து எண்ணவில்லை.

3. ஆத்தூர்த் திருமணம்

முழுத் திருமணம் ஒன்றைத் தனியே தொகுக்கும் பொறுப்பு எனக்கு முதன்முதலில் கிடைத்தது ஆத்தூர்ப் பாண்டியம்மாள் வீட்டுத் திருமணத்தில்தான். மணமகளின் தாய் அவர். ஒரு வாரம் அமர்ந்து செய்தேன். நாகசுர இசையைப் பின்னணியாக இட்டேன். பனி படர்ந்த மண்டப வாயில், பந்தியில் இலையின் மேல் எழும் ஆவி, மணமகளின் கைவிரல் மருதாணி ஆகியவற்றை நெடுநேரம் நிறுத்தி அழகு சேர்த்தேன்.

தாய்மாமன் சீர் வந்த பகுதி மிக நீண்டிருந்தது. தாம்பாளத் தட்டுகளை ஏந்திய உறவினர் வாயிலிலிருந்து மேடை வரை ஒருவர்பின் ஒருவராக வந்துகொண்டே இருந்தனர். பழம், பூ, பட்டு, மஞ்சள், மீண்டும் பழம். முதல் தட்டைத் தாய்மாமன் ஏந்தி வருவதைக் காட்டிவிட்டு நேரே மாங்கல்யத்துக்குச் சென்றேன். சிக்கனமான, தெளிவான வெட்டு என்று எனக்குள் ஒரு நிறைவும் இருந்தது.

4. வெள்ளிக்கிழமை

படத்தை முன்கூட்டிப் பார்த்துச் செல்லப் பாண்டியம்மாள் வெள்ளிக்கிழமை வந்தார். நூர்ஜகான் ஒரு படப்பிடிப்புக்காகக் கொடைரோடு சென்றிருந்தார். நானே ஓட்டிக் காட்டினேன்.

மண்டப வாயிலைப் பார்த்து அவர் தலையசைத்தார். மகளின் முகம் வந்தபோது முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மாங்கல்யம் வந்ததும் நிமிர்ந்தார்.

"நிறுத்துங்க டீச்சரம்மா. எங்கண்ணன் சீரு எங்க?"

"வந்ததே அம்மா. தட்டேந்தி வருகிறாரே."

"கண்ணு சிமிட்டுறதுக்குள்ள போயிருச்சு. மத்த தட்டெல்லாம்?"

"எல்லாம் ஒன்றுபோலவே இருந்தமையால் சுருக்கினேன்."

"சுருக்குனீகளா?" அவர் குரல் உயரவில்லை. அதுதான் எனக்கு அச்சமூட்டியது. "எலையில ஆவி பறக்குறதுக்கு அம்புட்டு நேரம் குடுத்திருக்கீக. எங்கண்ணனுக்கு இம்புட்டுத்தேனா?"

பிறகு அவரே விளக்கினார். அண்ணன் தங்கவேல் வத்தலக்குண்டில் வாழைக்காய் வணிகம் செய்பவர். வாய்க்கால் தண்ணீர்த் தகராறு ஒன்றில் இரு வீட்டுக்கும் பேச்சு நின்று பல ஆண்டுகள் ஆகியிருந்தன. வருவாரா மாட்டாரா என்று முகூர்த்த நாள் காலை வரை ஒருவருக்கும் தெரியாது. வந்தார். தம் மனைவி வழிச் சொந்தம் முழுவதையும் தட்டேந்த வைத்துக்கொண்டு வந்தார்.

"நாயித்துக்கெழம மறுவீட்டு விருந்துக்கு அவுக குடும்பமே வாராக. எங்க மதினி டிவிக்கு முன்னால உக்காந்து கடைசித் தட்டு வரைக்கும் பாப்பாக. யார் யார் தூக்கிட்டு வந்தாகன்னு அவுகளுக்கு மனப்பாடம். வெட்டிப்புட்டாகன்னு தெரிஞ்சா, நாந்தேன் வெட்டச் சொன்னேன்னு சொல்லுவாக. அப்புறம் இந்த சென்மத்துல அந்த வீட்டு வாசல் எனக்கில்ல."

தாளில் அடித்த வரியை மீண்டும் எழுதிவிடலாம். ஒரு காலைப்பொழுதில் ஒரு வாயில் வழியே நடந்து வந்தவர்களை எவ்வாறு மீண்டும் நடக்கச் செய்வது?

5. ஓரத்தைப் பிடித்து இழுத்தல்

நூர்ஜகானைத் தொலைபேசியில் அழைத்தேன். பின்னால் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது.

"நூர்ஜகான், தாய்மாமன் சீரை நான் அழித்துவிட்டேன்."

"யா அல்லா! ஹார்ட் டிஸ்க்ல ஃபைலயே டெலீட் பண்ணிட்டீங்களா?"

"இல்லை. டைம்லைனில் வெட்டி நீக்கினேன்."

அவர் பெருமூச்சு விட்டது மேளத்தையும் மீறிக் கேட்டது. "அப்ப ஒண்ணுமே போகல டீச்சர். வெட்டுனதுன்னா மறைச்சு வச்சதுன்னுதான் அர்த்தம். மொத தட்டு வர்ற கிளிப்போட ஓரத்தப் புடிச்சு இழுங்க."

இழுத்தேன். அசையவில்லை.

"பக்கத்துக் கிளிப் முட்டுதா? சும்மா இழுத்தா வராது. ரிப்பிள் டூல எடுங்க. அதுல இழுத்தா முன்னால இருக்குறதெல்லாம் தானா தள்ளி எடம் விடும். மொதல்ல பாட்டு டிராக்க லாக் பண்ணுங்க, இல்லாட்டி நாகசுரமும் துண்டாயிரும்."

டைம்லைனின் கீழடுக்கான மற்றொரு டிராக்கில் நீள ஓடிய இசைக்குப் பூட்டுச் சின்னத்தை அழுத்தினேன். ரிப்பிள் டூலைத் தேர்ந்து கிளிப்பின் ஓரத்தைப் பற்றி இழுத்தேன். மாங்கல்யம் விலகியது. பந்தி விலகியது. மடிப்பிலிருந்து சேலை விரிவதுபோல் கிளிப் நீண்டது. பழத்தட்டும் பூத்தட்டும் பட்டும் வரிசையாக வெளிவந்தன.

"அந்தா எங்க மதினியோட அக்கா!" பாண்டியம்மாள் எழுந்தே நின்றுவிட்டார். "அது அவுக மருமக. அந்தக் குண்டுப்பய ஆரு தெரியுமா? வெத்தலத் தட்டுலயே பாதி வெத்தலய மென்னுட்டான்."

கடைசித் தட்டும் வந்தது. நான் நிறுத்தவில்லை, எவ்வளவு இழுக்க வேண்டும் என்ற அளவு எனக்கு இன்னும் கைவந்திருக்கவில்லை. கூட்டம் தட்டுகளை இறக்கி வைத்துவிட்டுக் கலைந்த பின்னும் படப்பிடிப்பாளர் கருவியை நிறுத்த மறந்திருக்கிறார். காட்சி சாய்ந்து, பாதி தரையும் பாதி தட்டுகளுமாக ஓடியது. ஓரத்தில் தங்கவேல் தனியே நின்று துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாண்டியம்மாள் குறுக்கே விரைந்து வந்தவர், அவரைக் கண்டு நின்றார். பின்னணி இசையைத் தாழ்த்தி, அக்கிளிப்பின் சொந்த ஒலியைத் திறந்தேன்.

"ஏத்தா, சாப்டியா?" என்றார் அண்ணன்.

"நீ சாப்டியாண்ணே?"

"நீ சாப்பிடாம நா எப்புடி உக்கார?"

அவ்வளவுதான். யாரோ கூப்பிட, தங்கை ஓடிவிட்டார்.

திருமணத்தின் உயிர் இதுதான், இதையும் சேர்த்துவிடலாம் என்றேன். பாண்டியம்மாள் தலையாட்டி மறுத்தார்.

"வேணாந் தாயி. தட்டு அம்புட்டும் இருக்கட்டும், அது ஊரு பாக்க. இது டிவில வேணாம். நாலு பேரு முன்னால இதப் போட்டா எங்கண்ணன் கூசிப்போவாரு. இத மட்டும் வெட்டி என் போன்ல போட்டுக் குடுங்க."

எந்த இடத்தில் வெட்டுவது என்பதை அவரே திரையில் விரல் வைத்துக் காட்டினார்.

6. திங்கட்கிழமை

திங்கள் முற்பகல் அவர் தொலைபேசியில் அழைத்தார். விருந்து எவ்வாறு நடந்தது என்று நான் கேட்கும் முன்பே சொல்லத் தொடங்கினார்.

"எல்லாரும் பாத்தாக டீச்சரம்மா. சீரு வந்தப்ப ரெண்டு வாட்டி நிறுத்திப் பாத்தாக. மதினிக்குத்தேன் ஒரு கொற."

"என்ன குறை?"

"அவுக சேல அரக்குக் கலராம். படத்துல செங்கலு மாதிரி இருக்காம். அம்புட்டு வெல குடுத்து எடுத்தது இதுக்குத்தேனான்னு சாப்புட்டு முடிக்கிற வரைக்கும் ஒரே பொலம்பல். அண்ணே வேற, 'நீ கட்டுனா எந்தச் சேலையும் செங்கலுதேன்'னுட்டாரு. வீடே சிரிச்சுச்சு."

படத்தொகுப்புக் கற்க வருவோர்க்கு இவ்வனுபவத்தால் நான் சொல்லக்கூடியது இது: எது மிகை என்று முடிவு செய்யும் முன், அது யாருக்கு மிகை என்று கேளுங்கள். அத்தட்டுகளுள் எதையும் வெட்டுவதற்கு எனக்கு உரிமை இருந்ததில்லை. வெட்ட வேண்டிய இடத்தையோ உரியவரே அறிந்திருந்தார்.

மற்றபடி, அன்று பிற்பகலே நூர்ஜகான் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தேன். கலர் கரெக்‌ஷன் என்ற, நிறம் திருத்தும் அடுத்த பாடம் தொடங்கியது. மதினியின் சேலை மாலைக்குள் அரக்காயிற்று.