வெடிக்காத நட்சத்திரம்

தணிகாசலம் சார் போய்விட்டார் என்பதை எனக்குச் சொன்னது ஒரு சுவர்தான். பொம்மையார்பாளையத்தில் தங்கை வீட்டில் தங்கிவிட்டு வந்து மரக்காணம் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். எதிரே கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. சாரின் படம், அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் ‘புதிய நட்சத்திரம் கண்டுபிடித்த விஞ்ஞானி’. சொன்னால் நம்பமாட்டீர்கள், அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம் வந்தது. சார் எந்த நட்சத்திரத்தையும் கண்டுபிடிக்கவில்லை.

நம் வானியல் வட்டத்து நண்பர்களுக்கு இது தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சார் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர், நான் தொலைபேசி அலுவலகத்து ஆள். ஒளி மாறும் நட்சத்திரங்கள் என்றால் இருவருக்கும் பைத்தியம். மரமும் விளக்கும் இல்லாத உப்பள வரப்பில்தான் தொலைநோக்கியை நிறுத்துவோம். பார்க்கும் நட்சத்திரத்தை, ஒளி மாறாத பக்கத்து நட்சத்திரம் ஒன்றோடு ஒப்பிட்டு, கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று சொல்ல வேண்டும். வேலை அவ்வளவுதான். 2004 கோடையில் ஒரு சிவப்பு நட்சத்திரம் அவ்வப்போது சட்டென்று பிரகாசிப்பதை சார் பார்த்தார். அதன் மேற்பரப்பில் ஏதோ பெரிய வெடிப்பு நடக்கிறது என்றார். நானும் பார்த்துவிட்டு ஆமாம் என்றேன். செய்தித்தாளில் ‘புதிய நட்சத்திரம்’ என்றே வந்தது, ஊரே கொண்டாடியது.

உப்பள வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் அஞ்சலை எங்களைச் சும்மா விடமாட்டாள். “இன்னா சார், உங்க நட்சத்திரம் இன்னிக்கி பட்டாசு வெடிக்குமா?” என்பாள். “வெடிச்சா சொல்லி அனுப்புறேம்மா” என்று சாரும் சிரிப்பார். ஒருநாள் அவள் கேட்டுவிட்டுப் போனதும் சார் என் பக்கம் திரும்பினார்.

“ஏம்பா, வெடிப்புன்னா கண்டபடி வரணும். இது காலண்டர் பார்த்து வருதே. எனக்கு சந்தேகமா இருக்குது.”

அதன்பிறகு வேறு நட்சத்திரங்களோடு வைத்துப் பார்த்தார். எங்கள் சிவப்பு நட்சத்திரம் என்றைக்கும் ஒரே மாதிரிதான் இருந்தது. நாங்கள் அளவுகோலாக நம்பிய பக்கத்து நட்சத்திரம்தான் மாறிக்கொண்டிருந்தது. அது ஒன்றல்ல, இரண்டு. ஒன்றையொன்று சுற்றிவரும் ஜோடி. ஒன்று மற்றதை மறைக்கும்போது அந்த ஜோடி மங்கும், அந்த நேரத்தில் சிவப்பு நட்சத்திரம் பிரகாசித்ததாக எங்களுக்குத் தோன்றியிருக்கிறது. அந்த ஜோடியும் வானியல்காரர்கள் ஏற்கெனவே அறிந்ததுதான். சார் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். “பார்க்கிறதை சந்தேகப்பட்டேன். எதோட வச்சிப் பார்க்கிறேனோ அதை சந்தேகப்படலியேப்பா. வெட்கமா இருக்குது” என்றார்.

நம் வட்டத்தின் அடுத்த கூட்டத்திலேயே எழுந்து நின்று, தான் சொன்னது தவறு என்று எல்லோர் முன்னாலும் வாபஸ் வாங்கினார். செய்தித்தாளுக்கும் சொன்னார், அவர்கள் போடவில்லை. அதனால் பொன்னாடைகள் வந்துகொண்டே இருந்தன. பிரம்மதேசத்தில் ஒரு பள்ளி விழாவில் போர்த்திய பொன்னாடையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, “கண்டுபிடிப்பெல்லாம் இல்லீங்க. அது என் தப்பு” என்று ஆரம்பித்து முழுக் கதையும் சொன்னார். பிள்ளைகள் இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

சாரின் காரியம் முடிந்த மாலையில் படத்திறப்பு. ஊர்ப் பெரியவர் ஒருவர் அந்த நட்சத்திரத்துக்கு சாரின் பெயரையே வைக்கச் சொல்லி மனுக் கொடுக்கப்போவதாக அறிவித்தார். பந்தலே கைதட்டியது. முன்வரிசையில் சாரின் மனைவி கோமதி அம்மா கைகூப்பி உட்கார்ந்திருந்தார். அழுது வீங்கியிருந்த அந்த முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் மைக்கைப் பிடித்தேன்.

அது கண்டுபிடிப்பு இல்லை, சாரே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்று சொன்னேன். அந்த நேர்மைதான் அவருடைய பெருமை என்றும் சொன்னேன், ஆனால் அதைக் கேட்க யாரும் தயாராக இல்லை. “டேய், செத்தவரைப் பத்தி இப்டியா பேசுறது? எறங்குடா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். கோமதி அம்மா தலையைக் குனிந்துகொண்டார். நான் இறங்கினேன்.

செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது கோமதி அம்மாவே என்னிடம் வந்தார். “எனக்குத் தெரியாதா அண்ணா? தூக்கத்துலகூட அதையேதான் சொல்லிப் புலம்புவாரு. நீங்க சொன்னது தப்பில்ல” என்றார். சற்று நின்றார். “ஆனா இன்னிக்கி ஒரு நாள் விட்டிருக்கலாமில்ல?”

செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். மௌனமாக இருந்திருந்தால் சாரின் முகத்தை நினைக்கவே கூசியிருப்பேன். பேசிவிட்டேன், அந்த அம்மாவின் முகத்தை நினைக்கக் கூசுகிறது. பொய்யான பெருமை வேண்டாம் என்ற சாரின் பிடிவாதம் அப்படியே என்னிடம் இருக்கிறது. அந்தப் பொன்னாடைகளை எல்லாம் அவர் தன் தோளிலிருந்துதான் கழற்றினார். நான் கழற்றியது அவருடைய மனைவியின் தோளிலிருந்து.